தாய் என்று நினைத்துக் கொடுத்த பழம்

1. சத்தியமங்கலம் மலைப்பாதையோரக் கோயிலில், குரங்குக் கூட்டத்தின் அதிகார வரிசையில் கடைசி இடத்தில் இருந்த பெண் குரங்கு குட்டி ஈன்றது.
2. அந்த வரிசையின் முதல் பெண் குரங்கு அந்தக் குட்டியைப் பறித்துக்கொண்டது.
3. குட்டி காலையிலிருந்து பால் இல்லாமல் கத்தியது.
4. கும்பிட வந்தவர்கள் பறித்த குரங்குக்கே பழம் கொடுத்தார்கள்.

நான்காவதுதான் எனக்கு மறக்காதது. அப்போது நான் குரங்கு ஆய்வுக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். என்னோடு அந்தக் கூட்டத்தைக் கவனித்தவர் சீனியர் அக்கா. அவிநாசிக்காரர், முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தார். ஆண் குரங்குகள் மோதிக்கொள்ளும், பெண் குரங்குகள் துணையைத் தேர்ந்தெடுக்கும் என்றே நான் படித்திருந்தேன். ஆனால் பெண்களும் போட்டியிடுகின்றன, பெரும்பாலும் சத்தமில்லாமல்: தீனி யாருக்கு முதலில், யாருடைய குட்டி பிழைக்கும் என்று. அக்காவின் ஆய்வே அதுதான். ஒரு குட்டிப் பறிப்பை முழுதாகப் பதிவுசெய்ய அவர் நெடுநாள் காத்திருந்தார். எதிலும் குறுக்கிடக் கூடாது என்பது எங்கள் விதி.

குட்டியின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. தாய் சற்றுத் தள்ளி நின்று கெஞ்சியது. நெருங்கினால் கடி விழுந்தது. அந்த நேரத்தில், கோவை கணபதியிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, குட்டியை வைத்திருந்த குரங்குக்கு இன்னொரு வாழைப்பழத்தை நீட்டினார்.

அக்கா கேமராவைக் கீழே வைத்தார். "ஏனுங்க, அது தாய் இல்லீங்க. தாய் பின்னால நிக்குது பாருங்க."

"என்னங்கம்மணி, மடில குட்டிய வெச்சுட்டு உக்காந்திருக்குதே?"

"புடுங்கி வெச்சிருக்குதுங்க. நீங்க பழம் குடுக்கக் குடுக்க அது எந்திரிக்காதுங்க."

அந்த அம்மா குரங்கை ஏற இறங்கப் பார்த்தார். "அட, எங்க ஓரகத்தியாட்டவே இருக்குது!" பழச் சீப்பு பைக்குள் போனது. பின்னால் வந்தவர்களையும் அவரே தடுத்தார்: "ஆரும் போடாதீங்க, அது களவாணி!"

"நம்ம விதி என்னாச்சுங்கக்கா?" என்றேன்.

"பழம் போட்டதுதான் கண்ணு குறுக்கீடு. நாம அதை நிறுத்திப்போட்டோம்."

பழம் நின்றதும் முதல் பெண்ணுக்குப் பொறுமை போயிற்று. குட்டியை இறக்கிவிட்டுப் புளியமரத்தில் ஏறியது. தாய் பாய்ந்து வந்து குட்டியை அள்ளிக்கொண்டது. குட்டி பால் குடித்தது.

மனிதக் கை பட்ட பதிவு என்று அக்கா அந்த நாளைத் தன் ஆய்விலிருந்து நீக்கினார். இன்னொரு பறிப்பு அவர் கண்ணில் படவேயில்லை. குட்டிப் பறிப்பு அத்தியாயம் இல்லாமலேயே பட்டம் வாங்கினார். அதை ஓர் இழப்பாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நானாக இருந்தால் கேமராவைக் கீழே வைத்திருப்பேனா என்று யோசித்திருக்கிறேன். வைத்திருப்பேன்.

இப்போது அந்தக் கூட்டத்தை நான் கவனிக்கிறேன். முதல் பெண்ணின் மகள்தான் இன்றைய முதல் பெண். அன்று பிழைத்த குட்டியும் பெண்தான். வளர்ந்துவிட்டது, தாயைப் போலவே கடைசி இடத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு குட்டி ஈன்றிருக்கிறது. இன்று காலை வரை குட்டி அதனிடமே இருக்கிறது.