கீறல் விழாத கண்ணாடி

"ஒரு வாட்ச்சுக்குள்ள எதுக்குங்க மூணு வாட்ச்சு?" என்று என் மனைவி கேட்டாள். நான் அதை வாங்கிவந்த அன்றே அவளுக்கு அதன்மேல் நல்ல எண்ணம் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுப் போட்டிக்கும் நானே பொறுப்பு. தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரை வேலையை விட்டு வெளிநாடு கிளம்பும்போது பங்களாச் சாமான்களை விற்றார். மற்றவர்கள் கட்டிலையும் அலமாரியையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மேசைமேல் கிடந்த அந்தக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கறுப்பு முகம், அதில் மூன்று சின்ன வட்டங்கள். சாவி கொடுக்கும் திருகுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பொத்தான். மேல் பொத்தானை அமுக்கினால் நீண்ட முள் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அமுக்கினால் பன்னிரண்டுக்குத் துள்ளி வரும். சரியாகப் பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி. நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நேரம் எடுக்கும்போது அந்த மயிரிழையையும் நான் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

மேலே இருந்த கண்ணாடி நீர்க்குமிழிபோல லேசாக மேடு தட்டியிருந்தது. அது கண்ணாடியே அல்ல, அக்ரிலிக் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து ஓர் இடமாற்றக் கடிதத்துக்காகக் கொழும்புக்குப் போனேன். வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் அடுத்து என் மணிக்கட்டைப் பார்த்தான். கழற்றச் சொன்னான்.

"இந்தப் பொத்தான் என்னத்துக்கு?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"நேரம் அளக்க."

"எதுக்கு நேரம் அளக்கிறாய்?"

"பிள்ளைகள் ஓடுவதற்கு."

எனக்கே என் பதில் பொய்போலக் கேட்டது. அவன் பொத்தானை அமுக்கினான். முள் ஓடத் தொடங்கியதும் அவன் கை வெடுக்கென்று உதறியது. கடிகாரம் சீமெந்துத் திண்டில் விழுந்தது. அவன் வேண்டுமென்று போடவில்லை, பயந்துதான் போட்டான். குனிந்து எடுத்து என்னிடம் நீட்டி, போகச் சொன்னான். கண்ணாடியில் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஒரு வெடிப்பு. பஸ்ஸில் ஏறியபோது என் பக்கத்து ஆசனத்தில் இருந்த பெண் வேறு இடம் மாறியிருந்தார். கொழும்பு வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

கடிகாரத்தை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். போர்நிறுத்தம் வரும்வரை அது அங்கேதான் கிடந்தது.

சமாதானம் என்று எல்லோரும் பேசிய அந்த நாட்களில் டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பாதி மேசையை எடுத்துக்கொண்டு ஒருவர் கடிகாரம் திருத்தத் தொடங்கினார். முப்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். ஓட்டப்போட்டிக்கு நேரம் எடுக்கக் கட்டுவது என்று சொல்லி என் கடிகாரத்தைக் கொடுத்தேன். வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"சேர், ரெண்டு விதமாச் செய்யலாம். இதுக்கு முதலே இருந்தது அக்ரிலிக். அதையே போடலாம். கீறல் விழும், ஆனா பற்பசை போட்டுத் தேய்ச்சாப் போயிடும். அடிபட்டா வெடிக்கும், நொறுங்காது."

"மத்தது?"

"சஃபயர். கத்தியால கீறினாலும் கீறாது. ஆனா விளிம்பில பட்டுதெண்டா தூளாப் போயிடும். தூள் மெசினுக்க போனாப் பெரிய கரைச்சல். விலையும் கூட. கொழும்பில சொல்லி அளவுக்கு வெட்டி எடுக்கோணும். நானெண்டா அக்ரிலிக்தான் போடுவன்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். விலை கூடியதை விற்கப் பார்க்காத வியாபாரியை நான் அதுவரை கண்டதில்லை. ஏன் இவர் மலிந்ததைத் தலையில் கட்டப் பார்க்கிறார்? விற்காமல் கிடக்கும் பிளாஸ்டிக்கைத் தள்ளிவிடவா? அல்லது தோட்டத்து வாத்தியாருக்கு இது போதும் என்று நினைத்தாரா? இரண்டாவது நினைப்புத்தான் அதிகம் உறுத்தியது. ஆசிரியர் கலாசாலையில் படித்தபோது யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவர் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அப்பா அம்மா கொழுந்து எடுக்கிறவையோ?" என்று வகுப்பில் கேட்டார். ஆமாம், எடுப்பவர்கள்தான். ஆனாலும் வகுப்பு சிரித்த சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். எதிலும் ஒரு கள்ளத்தனத்தைக் கண்டுபிடிக்காமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

"கண்ணாடி மாத்துறேன்னு உள்ள இருக்கிற மெஷினயே மாத்திருவான் சேர். ஒங்களுது பழைய சுவிஸ் மெஷின். அத உருவிட்டு ஏதாச்சும் மட்டமானத வச்சா ஒங்களுக்குத் தெரியவா போகுது? சஃபயரையே போடச் சொல்லுங்க. அவன் வேணாங்கிறான்னா அதுதான் நல்லது."

வீட்டில் சஃபயர் என்றதும் வேறு பிரச்சினை வந்தது. அது நீலக்கல்தானே என்று கேட்டாள் மனைவி.

"நீலம் சனி பகவான் கல்லுங்க. எல்லாருக்கும் ஒத்துக்காது. மூணு நாளு தலகாணிக்கு அடியில வச்சுப் பாத்துட்டுத்தான் போடணும்."

"இது நீலமா இருக்காது. ஃபெக்டரியில செய்றது. தண்ணி மாதிரி இருக்கும்."

"நீலக்கல்லு நீலமா இல்லன்னா அது என்னங்க கல்லு? அந்த ஆளு ஒங்கள நல்லா ஏமாத்துறாரு."

சஃபயரே போடச் சொல்லிக் கடிகாரத்தைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் பின்மூடியில் இருந்த இலக்கத்தை எழுதி வைத்துக்கொண்டேன். முள் அந்த மயிரிழை தள்ளி நிற்பதையும் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அது எனக்கு மட்டும் தெரிந்த அடையாளம். மெஷினை மாற்றினால் அதில் பிடித்துவிடலாம்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. குமிழி போய், தட்டையான, பளபளப்பான முகம். ஆசிரியர் அறையில் விஞ்ஞான ஆசிரியர் ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டார். பரவாமல் சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது. "கண்ணாடி நெசம்தான்" என்று ஏமாற்றத்துடன் சொன்னார். நான் மேல் பொத்தானை அமுக்கி, நிறுத்தி, கீழ்ப் பொத்தானை அமுக்கினேன். முள் துள்ளி வந்தது. நேராகப் பன்னிரண்டில் நின்றது. திரும்பத் திரும்ப அமுக்கினேன். ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை.

"இது என் வாட்ச் இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் முள் விஷயத்தைச் சொன்னேன்.

"சேர், உள்ளுக்க எண்ணெய் காய்ஞ்சு போயிருந்தது. கழுவினன். அதுக்கு முள்ளெல்லாம் கழட்டோணும். திரும்பப் போடேக்க சரியா வைச்சன். அவ்வளவுதான்."

"அத நான் எப்படி நம்புறது?"

அவர் பின்மூடியைத் திறந்து, உருப்பெருக்கும் கண்ணாடியை என்னிடம் தந்தார். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய சில எழுத்துகள் தெரிந்தன. முன்பு திருத்தியவர்கள் வைத்த அடையாளம் என்றார். இருக்கலாம். ஆனால் நான் அதன் உள்ளே ஒருநாளும் பார்த்ததில்லை. நான் எழுதி வைத்த இலக்கம் ஒத்துப்போனது, மூடி என்னுடையதுதான். மெஷின் யாருடையது? அந்தச் சின்னச் சக்கரங்கள் யாருடையதாகவும் இருக்கலாம்.

"நான் மாத்தினதெண்டா மெசின் இவ்வளவு பழசா இருக்குமோ?"

"பழசையும் வைக்கலாந்தானே."

அவர் மூடியைப் பூட்டி, துடைத்து, என் முன்னால் வைத்தார்.

"முள்ளைத் திரும்பக் கோணலா வைச்சுத் தரட்டோ, சேர்?"

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த விளையாட்டுப் போட்டியில்தான் அந்தக் கண்ணாடியின் குணம் தெரிந்தது. வெயிலில் பிடித்தால் முள்ளுக்குப் பதிலாக வானம் தெரிந்தது. கையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. அஞ்சலோட்டம் முடியும் நேரம், எல்லைக் கோட்டுக்கு ஓடி வந்த பிள்ளைகளுக்கு வழிவிட்டு விலகியபோது என் மணிக்கட்டு கூடாரத்தின் இரும்புக் கம்பியில் அடிபட்டது. பெரிய அடிகூட இல்லை. குனிந்து பார்த்தால் கண்ணாடியில் பாதி சீனிபோல உதிர்ந்திருந்தது. முள் நடுவழியில் நின்றுவிட்டது.

"நான் சொன்னேன்ல?" என்றார் விஞ்ஞான ஆசிரியர். "நெசமான சஃபயர்னா ஒடையுமா?"

தண்ணீர் விட்டுப் பார்த்து நிஜம் என்று சொன்னவரும் அவர்தான். உடையும் என்று முன்கூட்டியே சொன்னவர் ஒரே ஒருவர். அவரிடம் எந்த முகத்தோடு போவது என்று யோசித்தே மூன்று வாரம் போனது.

போனபோது அவர் எதையும் நினைவுபடுத்தவில்லை. கடிகாரத்தைத் திறந்து என்னைப் பார்க்கச் சொன்னார். பற்சக்கரங்களுக்கு இடையில் பளிச்சிடும் தூள்.

"இதில ஒண்டு மிஞ்சினாலும் பல்லைத் தின்னும். எல்லாத்தையும் கழட்டி எடுக்கோணும். நாள் எடுக்கும்."

"எடுங்க. இந்தத் தடவ அக்ரிலிக்கே போடுங்க."

அவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே மேடு தட்டிய அக்ரிலிக் கண்ணாடி. "அண்டைக்கு சஃபயர் எடுப்பிக்கேக்க இதையும் சேர்த்து எடுப்பிச்சனான். நீங்கள் ஓட்டப்போட்டிக்குக் கட்டிற ஆள்தானே."

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டுதான் படியிறங்கினேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் வேறொன்று தோன்றியது. உடையும் என்று இவ்வளவு உறுதியாக அவருக்கு எப்படித் தெரியும்? நோஞ்சான் கண்ணாடியைத் தெரிந்தே போட்டாரோ? அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. வீடு வந்து சேரும்வரை நினைப்பும் போகவில்லை, வெட்கமும் போகவில்லை.

அக்ரிலிக் போட்ட பிறகு கடிகாரம் ஒழுங்காக ஓடியது. கீறல் விழுந்தால் பற்பசை போட்டுத் தேய்த்தேன். இரண்டு வருடம் அவர் கடைப் பக்கம் போக வேண்டிய தேவையே வரவில்லை.

அதற்குள் யுத்தம் மறுபடி தொடங்கிவிட்டது. வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாம் பொலிஸில் பதிய வேண்டும் என்றார்கள். ஒருநாள் பாடசாலைக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்தார்.

"வாட்ச் ரிப்பேர்காரர நேத்துப் பொலிஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க சேர். மேசைக்கடியில ஒரு பெட்டி நெறைய ஒடஞ்ச கடிகாரம், பெட்டரி, வயரு எல்லாம் இருந்திருக்கு. யாராச்சும் அரசாங்க உத்தியோகத்துல இருக்கிற ஆளு வந்து தெரிஞ்சவருன்னு எழுதிக் குடுத்தா விட்டுருவாங்களாம். அவரு ஒங்களத்தான் சொன்னாரு."

என்னைத்தான் ஏன்? டவுனில் அவருக்கு எத்தனையோ வாடிக்கையாளர்கள் இருக்க, சண்டை போட்டவன் பெயரை ஏன் சொன்னார்? விஞ்ஞான ஆசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டு, போகவே வேண்டாம் என்றார். வீட்டில் மனைவியும் அதையே சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாட்ச் ரிப்பேர் பண்றவரு கிட்ட ஒடஞ்ச வாட்ச்சு இல்லாம வேற என்னங்க இருக்கும்?" என்றாள். "போயிட்டு வாங்க."

பொலிஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எந்தப் பாடசாலை, எத்தனை வருடச் சேவை என்று கேட்டார். அவருடைய மகனும் ஓட்டக்காரனாம். அதைப் பற்றிச் சிங்களத்திலேயே கொஞ்சநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்குப் பின்னால் சுவரோரம் ஒரு நீள மர வாங்கில் கடிகாரக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தாடி. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதிகாரி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். இந்த நபரைப் பல வருடங்களாக நன்கு அறிவேன், இவருக்கு எந்தத் தரப்புடனும் தொடர்பு கிடையாது என்று சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. எனக்கு இவரைப் பற்றி என்ன தெரியும்? இரண்டு கண்ணாடி தெரியும். ஒரு முள் தெரியும். ஊரில் யார் இருக்கிறார்கள் என்றுகூட நான் கேட்டதில்லை. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். என் பெயரும் முகவரியும் கீழே இருந்தன. மூன்றாம் தடவையும் வாசித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

அரைமணி நேரத்தில் அவரை விட்டுவிட்டார்கள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பிடம் வரை ஒன்றாக நடந்தோம். பாதி தூரத்தில் அவர் கேட்டார்.

"ஏன் சேர் மூண்டு தரம் வாசிச்சனீங்கள்?"

"சிங்கள எழுத்து எனக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்" என்றேன்.

அவர் தலையசைத்தார். கொஞ்ச தூரம் போனபின், "பரவாயில்லை சேர். என்னட்டத் தந்திருந்தா நானும் மூண்டு தரம் வாசிச்சிருப்பன்" என்றார்.

பஸ் வந்தது. நான் ஏறினேன். அவர் கடையைத் திறந்து பார்க்கப் போனார். அடுத்த மாதம் அவர் கொழும்புக்குப் போய்விட்டதாகவும் அங்கிருந்து வெளிநாட்டுக்கு முயற்சி செய்வதாகவும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார்.

அந்தத் தாளில் என் முகவரி இருந்தது. அதற்குப் பிறகு பல மாதங்கள், கதவை யார் தட்டினாலும் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். ஒருநாள் தபால்காரர், ஒருநாள் பால்காரர், ஒருநாள் விளையாட்டுச் சட்டைக்கு அளவு கேட்டு வந்த மாணவர்கள். பொலிஸிலிருந்து யாரும் வரவில்லை.