மைதீன் பாய் முடிக்கவிடாத வேலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ் வீட்டு மாமி எனக்கு ஃபோன் வந்திருப்பதாகக் குரல் கொடுத்தபோது எரிச்சலோடுதான் இறங்கிப் போனேன். வாரத்தில் கிடைப்பது ஒரு நாள். அன்றைக்கும் விமானங்கள் நிற்கும் ஹாங்கருக்கு வா என்று கூட வேலை பார்க்கும் மைதீன் பாய்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பேசியது தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் அவருடைய மைத்துனர். "மச்சான் மௌத்தாயிட்டாவ. நெஞ்சு வலிக்குன்னாவ, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிட்டு. சாயந்திரம் அசர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்." சரி என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தேன். மாட்டுங்காவில் இருந்த எங்கள் மாடி வீட்டுக்கு ஏறி, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஜுஹு விமானத் திடலில் அவரோடு வேலை பார்த்த எங்களுக்கெல்லாம் ஒன்று தெரியும். இறந்துவிட்டார் என்பதற்காக அதை மறைப்பானேன்? அவரோடு வேலை செய்வது பெரிய அலுப்பு. அவருக்கும் எனக்கும் ஒரே படிப்பு, ஒரே உரிமம், ஒரே வேலை. சின்ன விமானங்களின் ரேடியோவும் கருவிகளும் அவற்றுக்குப் போகிற ஒயர்களும் எங்கள் பொறுப்பு. ஒயர் பழுது என்பது வந்து வந்து போகும். தரையில் சோதித்தால் சமர்த்தாக இருக்கும், மேலே ஏறியதும் காலை வாரும். இரண்டு தடவை பார்த்துவிட்டு, பழுது தென்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் ஊர் வழக்கம். பாய் போடவும் மாட்டார், கூட இருப்பவனைப் போகவும் விடமாட்டார். காலையில் நான் உட்கார்ந்திருக்கும் ரயில் பெட்டியில் மாஹிம் ஸ்டேஷனில் ஏறியதுமே முந்தின நாள் பழுதை ஆரம்பித்துவிடுவார். ரயிலில் கொஞ்சம் தூங்கலாம் என்ற ஆசையை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன்.

ஒரு சேட்டின் விமானத்தில், கருவிப் பலகைக்குப் பின்னால் ஏதோ நாற்றம் வருகிறது என்று புகார். பாய் தலையை உள்ளே விட்டு, கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டி, மல்லாந்து படுத்து ஒவ்வொரு ஒயர்க் கட்டையும் மோந்து பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் அது சேட்டின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து வழிந்த மாங்காய் ஊறுகாய் எண்ணெய். ரேடியோ சூடானதும் மணக்க ஆரம்பித்திருக்கிறது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. "அவரு சொன்னது நெசந்தான வே? நாத்தம் வந்துச்சுல்லா?" என்று துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

சுபாவின் விஷயத்தில் யாரும் சிரிக்கவில்லை. அணுசக்தி நகரிலிருந்து விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண். பயிற்சியாளர் கூட இருக்கும்போது கட்டுப்பாட்டு டவரோடு அவரே பேசிவிடுவார். அவள் தனியாகப் பறக்கத் தொடங்கியபோதுதான் தொல்லை வந்தது. இறங்க அனுமதி கேட்கிறாள், டவருக்குக் குரல் வரவில்லை. பேசுவதற்கான பொத்தானை அவள் அழுத்துவது மட்டும் அங்கே தெரிகிறது, வெறும் இரைச்சல் வருகிறது. பச்சை விளக்கைக் காட்டி இறக்கினார்கள். மறுமுறையும் அப்படியே. பயிற்சியாளர் அதே இருக்கையில் உட்கார்ந்து பேசினார், கணீரென்று கேட்டது. நான் பேசினேன், கேட்டது. மைக்கை மாற்றினோம், ரேடியோவையே மாற்றினோம். "லட்கி டர் ஜாத்தி ஹை" என்று தலைமைப் பயிற்சியாளர் முடித்துவிட்டார். பெண் பயந்துபோய், பொத்தானை அழுத்திவிட்டு வாயடைத்து உட்கார்ந்திருக்கிறாளாம். விமானத்தில் பழுதில்லை என்று நாங்கள் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே அவள் பெயரை அடித்துவிடுவதாகச் சொன்னார்.

நான் பேனாவைத் திறந்துவிட்டேன். பாய் குறுக்கே வந்தார்.

"அந்தப் புள்ளையக் கூப்பிட்டுக் கேட்டீரா வே?"

"கேக்க என்ன இருக்கு, பாய்? அதான் எழுதிக் குடுத்திருக்காளே."

"எழுதுனதப் படிச்சோம். அவளக் கேக்கலையே."

சுபா வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "நான் பேசினேன்னுதான் நெனச்சேன், அங்கிள். எல்லாரும் சொல்றதைக் கேட்டா எனக்கே சந்தேகமா இருக்கு. வாயே திறக்கலையோ என்னவோ. விடுங்கோ, நானே நின்னுடறேன்."

"நீ பேசியிருக்கேம்மா" என்றார் பாய். "பேசுனது போய்ச் சேரல. அது வேற, இது வேற. ஏறி உக்காரு. நீ பறக்கும்போது என்னெல்லாம் செய்வியோ அத்தனையும் செய்யி."

இதைச் சொன்னபோது அவர் கையில் ஓர் ஆதாரமும் கிடையாது. பக்கத்தில் நின்றிருந்த எனக்குக் கோபம்தான் வந்தது. பாவம், அந்தப் பெண்ணுக்கு வீண் நம்பிக்கை கொடுக்கிறாரே என்றிருந்தது.

அவள் ஏறினாள். குள்ளமான பெண். முதுகுக்கு ஒரு மெத்தையை வைத்துக்கொண்டு, நெம்புகோலைத் தூக்கி, இருக்கையைக் கடைசி வரை முன்னால் இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயிற்சியாளர், நான், பாய் எல்லோருமே ஏறியதும் முதல் காரியமாக, முழங்கால் இடிக்காமல் இருக்க இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் சோதனையைத் தொடங்கியிருக்கிறோம். சுபா பொத்தானை அழுத்திப் பேசினாள். ஹாங்கரில் நாங்கள் வைத்திருந்த ரேடியோவில் இரைச்சல் மட்டும் கேட்டது. இருக்கையைப் பின்னால் தள்ளச் சொன்னார் பாய். குரல் வந்தது. முன்னால், இரைச்சல். பின்னால், குரல். கீழே விரித்திருந்த கம்பளத்தைக் கிழித்தெடுத்தோம். மைக்கின் ஒயரை யாரோ முன்பு அதற்கடியில் இழுத்துவிட்டிருந்தார்கள். இருக்கையை முழுக்க முன்னால் தள்ளினால் அதன் கால் சரியாக அந்த ஒயர்மேல் ஏறி நிற்கிறது. மேலுறை நசுங்கி, உள்கம்பி அதைச் சுற்றிய கம்பிப் பின்னலைத் தொட்டுக்கொண்டிருந்தது; குரல் அங்கேயே நின்றுவிட்டது.

பாய் சுபாவைப் பார்த்து, "பாத்தியா?" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவள் இருக்கையிலிருந்து இறங்காமலே அழுதாள். தலைமைப் பயிற்சியாளர் ஒயரைப் பார்த்தார், "டீக் ஹை, சரி" என்றார், போய்விட்டார். அவளிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. மறுநாள் காலை இறங்க அனுமதி கேட்கும் அவள் குரல் ஹாங்கர் ரேடியோவில் வந்தது. பாய் தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார். "பசிக்கி வே, வாரும்" என்று சாயாக் கடைப் பக்கம் நடந்தார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. புதிதாகப் பறக்கக் கற்றுக்கொள்கிற பையன் ஒருவன், விமானம் திரும்பும்போது ஒரு கருவியின் முள் துடிக்கிறது என்று சொல்லியிருந்தான். நான் எல்லாவற்றையும் சோதித்தேன். ஒன்றும் தென்படவில்லை. உடம்பு அசந்து போயிருந்தது. அவன் தயங்கித் தயங்கி, "என் கண்ணுதான் சரியில்லையோ, சார்" என்றான்.

"இல்லப்பா, நீ பார்த்திருக்கே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எப்படி அந்த விமானத்தை அனுப்புவது? மைதீன் பாயிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது இதைத்தான்: ஆதாரம் கிடைப்பதற்கு முன்னாலேயே ஒருவரை நம்பிவிடுவது. அது அவருக்கு எத்தனை பாரமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. முள் ஏன் துடிக்கிறது என்று எனக்கு இன்னும் அகப்படவில்லை. கையெழுத்தும் நான் போடவில்லை.