மீதி ஐந்து

சயரோகத்துக்கு மருந்தில்லாத காலம் அது. மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த அண்ணனை மாட்டுவண்டியில் படுக்கவைத்து விளாங்குடி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பாலும் முட்டையும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே சிலேட்டில் ஏதோ ஒரு பெரிய எண்ணை வகுத்துக்கொண்டிருந்தான். எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணாம். ஆயிரம் வரைக்கும் வகுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாம். முந்நூறு தாண்டியதும் அவன் விரலில் பலப்பம் நிற்கவில்லை.

"மிச்சத்தை நீ போடுறியாத்தா? இது ஒண்ணாவது உடையாம நிக்கட்டும்" என்றான்.

எனக்குத் தமிழ் இலக்கம்தான் தெரியும். எனக்காகவே ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த எண்ணைத் தமிழில் எழுதிக் கொடுத்து, முந்நூறுக்கு மேலே ஆரம்பிக்கச் சொன்னான்.

சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா நான்? காலேஜ் படித்தவன் கணக்கைச் சரிபார்க்கும் திமிரில் முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு, மூன்று, ஐந்து போகவில்லை. ஏழில் சுத்தமாகப் போனது. மறுபடி போட்டேன். அப்போதும் மீதியில்லை. சிலேட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணே, ஏழுலயே போகுது! இம்புட்டு நாளா என்னத்தப் பாத்த?"

அவன் சிலேட்டைக் கேட்கவில்லை. என்னையே பார்த்தான்.

"ஏழுலயா? அதையே தப்பாவா போட்டிருக்கேன்?" என்றான். பிறகு, "மூளையும் போயிருச்சுபோல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கப்புறம் பலப்பத்தைத் தொடவே இல்லை. பாலையும் வேண்டாமென்றான். மாசி பிறக்குமுன் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து அவன் பெட்டியை ஒழித்தபோது நோட்டு கிடைத்தது. பத்து லட்சத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கீழே இறங்கி வந்திருக்கிறான். பதினாறு எண்கள் உடைந்திருந்தன. பதினேழாவதைச் சுற்றிக் கட்டம் போட்டிருந்தான். பத்து லட்சத்துக்குக் குறைந்த எண். நான் வகுத்ததோ இருபத்தொன்பது லட்சத்துச் சொச்சம்.

துண்டுக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். முதலில் ஓர் உ. நோட்டில் எல்லாப் பக்கத்துத் தலைப்பிலும் அதே உ. எதை எழுதத் தொடங்கினாலும் போடுகிற பிள்ளையார் சுழி. காகிதம் சின்னது, மேலே இடமில்லாமல் எண்ணுக்கு முன்னாலேயே போட்டிருக்கிறான். தமிழ் இலக்கத்தில் இரண்டு என்ற எண்ணுக்கும் அதே உருவம்தான். நான் அதையும் சேர்த்து வகுத்திருக்கிறேன்.

சுழியை விட்டுவிட்டு ஏழால் வகுத்தேன். மீதி ஐந்து. முந்நூறிலிருந்து ஆயிரம் வரை மிச்சத்தையும் போட்டு முடிக்கப் பங்குனி ஆகிவிட்டது. எதிலும் உடையவில்லை.

அடுப்படியில் இருந்த அம்மாவிடம் போய் அழுதேன். அவளுக்கு வகுத்தலும் தெரியாது, மீதியும் தெரியாது.

"அப்ப அவன் போட்டது சரிதானா?"

"சரிதாம்மா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் இருக்கையிலேயே சொல்லியிருக்கலாம்லத்தா" என்றாள்.