தம்பி தொழுவத்தில் அண்ணன் மாடுகள்

ருவாண்டாவில், புட்டாரே நகருக்குத் தெற்கேயுள்ள ஒரு மலையில் செமனா என்றொருவன் இருந்தான். அவனுக்கு ஒரே தம்பி, ருகம்பா. தகப்பன் வழியில் எத்தனை தலைமுறை பின்னால் போய்ப் பார்த்தாலும் இருவரையும் பிரித்துச் சொல்ல ஒன்றும் கிடையாது. மூக்குகூட இருவருக்கும் அப்பன் மூக்குதான்.

செமனா பிறவிச் சந்தேகக்காரன். அப்போது நாட்டை ஆண்ட பெல்ஜியத்துத் துரை ஆளையும் மாட்டையும் எண்ண வருகிறான் என்று காதில் விழுந்ததுமே, வரிக்குத்தான் என்று முடிவு கட்டினான். முந்தின நாளே தன் மாடுகளை ஓட்டிப்போய்த் தம்பி தொழுவத்தில் விட்டுவிட்டான். மாட்டை உறவுக்காரர் வீட்டில் விட்டுவைப்பது அங்கே எல்லோரும் செய்வதுதான்.

துரை வந்தான். இடுக்கி வைத்து மூக்கை அளந்தான். அதில் ஒன்றும் பிடிபடாமல் தொழுவத்தைப் பார்த்தான். தொழுவம் நிறைந்திருந்த ருகம்பாவுக்கு 'டுட்சி' என்று இன அட்டை. வெறுந்தொழுவத்துச் செமனாவுக்கு 'ஹுட்டு'. அதுவரை அந்தப் பெயர்கள் மாடு சேர்ந்தால் ஒட்டும், மாடு போனால் உதிரும். இனி அட்டையில் எழுதியதுதான் பிள்ளைக்கும் பேரனுக்கும் என்றார்கள்.

சாலை வெட்ட ஹுட்டுகளைக் கூப்பிட்டார்கள். பிந்தினால் முதுகில் சவுக்கு. செமனா மண் சுமந்தான். ருகம்பாவை மேற்பார்வைக்கு நிறுத்தினார்கள்.

"மாட்டைக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி கன்குயோ.

"கேட்டேன். இப்ப ஓட்டிட்டுப் போனா திரும்ப எண்ணுவாங்களாம். கொஞ்சம் பொறுங்கறான்."

"பொறுங்க. முதுகு உரியுற வரைக்கும் பொறுங்க. உங்க தம்பி பொண்டாட்டி நேத்து என்னைப் பாத்து 'உங்க ஆளுங்க'ங்கறா! எங்க சட்டியில அவரைக்கொட்டை தின்னு வளந்தவ!"

அன்றிலிருந்து செமனாவுக்கு ஒரே குடைச்சல். துரையைத் தொழுவத்துப் பக்கம் திருப்பிவிட்டது யார்?

ஒருநாள் மாலை ருகம்பா வாழைக்கள் பானையோடு வந்தான். இரண்டு நாணல் குழல்களைச் செருகினான்.

"வாண்ணே, பழையபடி உக்காந்து குடிப்போம்."

கொண்டுவந்தவன் முதலில் உறிஞ்சி, விஷமில்லை என்று காட்டுவது அந்த மலை வழக்கம். அண்ணன் தம்பிக்குள் அது கிடையாது.

"நீ முதல்ல குடி" என்றான் செமனா.

ருகம்பா சிரித்தான். "என்னண்ணே, நான் என்ன அசலூர்க்காரனா?"

"குடிடா."

சிரிப்பு நின்றது. "உனக்கு நான் விஷம் வைப்பேனா?"

"துரைக்குத் தொழுவத்தக் காட்டினது யாரு?"

"ஏன், அவனுக்குக் கண்ணு இல்லையா? ராவோட ராவா மாட்டைக் கொண்டாந்து விட்டது நீ. நானா கூப்பிட்டேன்?"

"அப்ப திருப்பிக் குடு."

"குடுத்தா அட்டையப் புடுங்கிட்டு என்னையும் மண்ணு சுமக்க விடுவாங்க. அதுதான் உனக்கு வேணுமா?"

"ஆமா" என்றான் செமனா. வாய் தவறி வந்த வார்த்தையல்ல அது.

ருகம்பா குனிந்து நீளமாக ஒரு இழுப்பு இழுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, பானையை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் மாடுகள் வந்தன. ஓட்டிவந்தவன் மேய்ப்பன்தான்; தம்பி வரவில்லை. ஒன்றும் குறையவில்லை, புதிதாய் ஈன்ற கன்றுகூட வந்திருந்தது. யாரும் திரும்ப எண்ண வரவில்லை. இரண்டு அட்டைகளும் எழுதினது எழுதினபடியே இருந்தன. செமனா மண் சுமந்தான்.

கன்குயோ பால் கறந்து கொடுத்தாள். அவன் முகர்ந்து பார்த்தான்.

"கேட்டதும் குடுத்துட்டானே, ஏன்? மாட்டுக்கு என்ன தீனி போட்டிருக்கானோ!"

முதல் கிண்ணத்தை நாய்க்கு வைத்தான். நாய்க்குப் பால் வைப்பது அந்த மலையில் கேள்விப்படாத காரியம். கன்குயோ வாயைப் பொத்திக்கொண்டாள். நாய் நக்கிக் குடித்துவிட்டு வாலாட்டியது. அப்போதும் செமனா அடுத்த கிண்ணத்தைத் தொடவில்லை.