படியேறி வருகிறவள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்பா எழுதி வைக்காமலே வந்து சேர்ந்த சொத்து அது.

அப்பா முப்பத்திரண்டு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டினார். பொத்தானை அமுக்குவதில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். இப்போது சிரிக்கிறார். மூன்று வருடமாக மறதி நோய். என்னை ‘டைப்பிஸ்ட் அம்மா’ என்று கூப்பிடுகிறார். அம்மாவை யாரென்றே தெரியவில்லை.

காலை ஒன்பது மணியானால் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் அப்படித் தெருவில் இறங்கிப் போனவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதிலிருந்து அம்மா கொட்டக் கொட்ட விழித்திருந்து கதவைக் காத்தாள். “ரூம்ல வச்சுப் பூட்டிடுங்க” என்றார்கள் தெரிந்தவர்கள். “முதல்ல என்னைப் பூட்டுங்க” என்றாள் அம்மா. கண்ணைச் சுற்றிக் கருவளையம், நிற்கும்போதே தள்ளாட்டம். எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் காலை, அம்மா சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் வெளியே போக எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஏறிய அப்பா இறங்கவே இல்லை. பொத்தான்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். “ஏழாவது மாடி, கணக்குப் பிரிவு!” என்று அறிவித்தார். எங்கள் கட்டிடத்துக்கு மாடியே நாலுதான். கதவு திறந்தது. யாரோ காயப்போட்ட நீலப் போர்வை வெயிலில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

குடியிருப்புச் செயலாளர் வந்து குதித்தார். “லிஃப்ட் என்ன ஊஞ்சலா, நாள் பூரா ஆடறதுக்கு?”

“உங்க அப்பாவா இருந்தா இப்படிக் கேப்பீங்களா சார்?” என்று நானும் வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டாவது மாடி நர்ஸக்கா எங்கள் இருவரையும் விலக்கிவிட்டு, ஒரு தாளில் கட்டம் போட்டு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினாள். யார் எந்த மணிக்கு அப்பாவோடு நிற்பது என்று அதில் எழுத வேண்டும். சாயங்காலம் பார்த்தால், ஒன்பதிலிருந்து பத்து, செயலாளர் பெயர்! அடப்பாவி மனுஷா, இதை முதலிலேயே செய்திருக்கலாமே.

மறுநாள் அம்மா பகலில் நாலு மணி நேரம் தூங்கினாள். ஜன்னல் திரை மூச்சு விடுவது போல் உள்ளே வந்து போனது. தூரத்தில் அப்பாவின் குரல், இல்லாத மாடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு ஏறியது. எனக்கும் கண் சொக்கியது.

ஆனால் அம்மா மட்டும் அந்த லிஃப்டில் கால் வைக்க மாட்டாள். முட்டி தேய்ந்தும் காய்கறிப் பையோடு படியேறித்தான் வருவாள். “அப்படி என்ன பிடிவாதம்?” என்று ஒருநாள் கத்திவிட்டேன். அப்போதுதான் சொன்னாள். கல்யாணமான புதிதில் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனாளாம். லிஃப்டில் ஒரு காலை வைத்திருக்கிறாள். “ஏய், படியில ஏறு! இது உனக்கில்ல.” என்றாராம் அப்பா, அத்தனை பேர் முன்னால். அன்றிலிருந்து அவர் சாப்பிடும் அறைக்குத் தினமும் ஆறு மாடி, படியில்.

எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

போன வாரம் நான் அப்பாவோடு நின்றிருந்தேன். கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. எதிரே பையோடு அம்மா. அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வாங்க மேடம். பையக் குடுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தாள். லிஃப்ட் மெதுவாக ஏறியது.

“மேடம், ஒரு உதவி” என்றார் அப்பா தாழ்ந்த குரலில். “என் வீட்டுக்காரி சாப்பாடு எடுத்துட்டுப் படியில வருவா. ஒருநாள் திட்டிட்டேன். அதிகாரி பக்கத்துல நின்னார், வேலை போயிடுமோன்னு பயம். அப்புறம் கூப்பிட வெக்கமாப் போச்சு. அவளப் பாத்தா லிஃப்ட்ல வரச் சொல்லுங்க.”

இத்தனை வருட வெட்கம்! அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

எங்கள் வீடு இருக்கும் நாலாவது மாடியில் கதவு திறந்தது. அம்மா இறங்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சொல்றேங்க” என்றாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிக் கீழே போனாள், லிஃப்டில் ஏறி வருவதற்காகவே. கதவு திறந்தது. “வாங்க மேடம்” என்ற அப்பா, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அவ வரலியா?”

“வந்தாச்சுங்க” என்று அம்மா ஏறிக்கொண்டாள்.