டிரான்ஸ்டியூசருக்கு வைத்த பொட்டு

பதுளை பஸாரில் எங்களுக்கு ஒரு கருவாட்டுக் கடை இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து கடலில் கிடைத்ததை விற்றுத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் எங்கள் குடும்பத்தில் கடலில் இறங்கித் தொழில் பார்க்கப் போனவன் நான் ஒருவன்தான். போன வேகத்தில் திரும்பியும் வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அண்ணன் ஒரு கதை வைத்திருக்கிறார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அப்பா போனபின் கடை அண்ணன் கைக்கு வந்தது. கடையோடு சேர்ந்து வந்த சாமான்களில் நானும் ஒன்று. ஸ்பிரிங்வெளி பக்கமிருந்து வரும் தோட்டத்து ஆட்களுக்குக் கருவாடு நிறுத்துக் கொடுப்பேன். தலை நரைத்த பிறகும், டீ குடிக்கப் போவதென்றால் "அண்ணே, போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவேன். அவர் தலையை ஆட்டினால்தான் டீ.

அப்படியிருக்கையில்தான் அண்ணன் வாழைச்சேனையில் ஒரு பழைய பைபர் போட்டை வாங்கினார். சொந்தப் போட்டில் மீன் பிடித்து, சொந்தமாக உலர்த்தி, சொந்தக் கடையில் விற்கலாம் என்பது அவர் கணக்கு. மேற்பார்வைக்கு என்னை அனுப்பினார்.

"இந்த சீசனை ஒழுங்கா ஓட்டிக் காட்டு. அப்புறம் போட்டை ஒம் பேருக்கே மாத்திடுறேன். கடைப்பக்கமே நீ வர வேண்டாம்" என்றார்.

என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது. அதை நம்பித்தான் போனேன். சொல்லிக்கொள்ளாமல் டீ குடிக்கப் போகிற ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று அந்த ஊரில்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் போட்டில் ஆழம் காட்டும் கருவி படுத்துவிட்டது. திரையில் வெறும் கோடுகள் மட்டும் ஓடின. போட்டின் அடியில் துளையிட்டுப் பொருத்தியிருந்த, தண்ணீருக்குள் ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் டிரான்ஸ்டியூசர் போய்விட்டது, புதிது போடாமல் பாறைப் பக்கம் போக முடியாது என்று போட்டோட்டி கையை விரித்துவிட்டார்.

புதியது கொழும்பிலிருந்து பதுளைக் கடைக்கு வந்து சேர்ந்தது. எடுத்துப்போக வந்திருந்தேன். எங்கள் கடையில் தராசு வந்தாலும் மின்விசிறி வந்தாலும் முதலில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைப்போம். அண்ணன் பெட்டியைப் பிரித்தார். காளான் மாதிரி ஒரு தலை, திருகு மரை வெட்டிய ஒரு தண்டு, நீளமான வயர். அந்தத் தலையின் நடுவில் சந்தனம் தீற்றி, மேலே குங்குமம் வைத்தார். லுணுகலை வழியாகப் போகும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு இறுக்கிப் பிடித்தபடி போனேன்.

வாழைச்சேனை மெக்கானிக் பெட்டியைத் திறந்ததும் ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தார்.

"இதுதான் இதின்ட முகம். இதில ஒண்டும் பூசக்கூடாது" என்றார்.

போட்டைக் கரையில் ஏற்றிப் பழையதைத் தட்டிக் கழற்றினோம். துளையைச் சுற்றியிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுக்கவே பாதிப் பகல் போனது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பசை ஒட்டாது என்று காத்திருந்து, வியாழக்கிழமை மாலையில்தான் புதியதைப் பொருத்த முடிந்தது. வெளியிலிருந்து அவர் அழுத்திப் பிடிக்க, உள்ளேயிருந்து நான் நட்டைக் கையால் திருகினேன். ஸ்பேனரால் ஒரு அரைச் சுற்று சுற்றியதும் போதும் என்று நிறுத்தினார்.

"கூட இறுக்கினா பசை எல்லாம் வெளிய வந்திரும். நாளைக்கு முழுக்கக் காயட்டும். சனிக்கிழமை இறக்குவம்."

அண்ணனுக்குப் போன் செய்தேன். "வெள்ளிக்கிழமை காலையில அருமையான நேரம் இருக்கு. அதை விட்டா இந்த மாசமே கெடையாது. நாங்க வேன் புடிச்சாச்சு" என்றார்.

"பசை காயலண்ணே."

"காயும்டா."

வெள்ளிக்கிழமை காலை அண்ணன், அண்ணி, பிள்ளைகள், தேங்காய், கற்பூரம் என்று வேன் நிறைய வந்து இறங்கினார்கள். புது வண்டி என்றால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுதானே வழக்கம்? போட்டுக்குச் சக்கரம் எங்கே என்று அண்ணி சுற்றிச் சுற்றித் தேடினார். கடைசியில் போட்டை ஏற்றியிருந்த டிராக்டர் பெட்டியின் சக்கரங்களுக்கடியில் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் சிரித்தது அதோடு சரி.

மெக்கானிக் முடியாது என்றார். அண்ணன் போட்டுக்குள் ஏறி, குனிந்து, பொருத்தியதை விரலால் அழுத்திப் பார்த்தார். மூட்டைக்கு வாய் கட்டிப் பழகிய ஆள். "இவ்வளவுதானா? இன்னும் நல்லா இறுக்கிட்டா எதுக்குக் காயணும்?" என்றார்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்ப நீங்களே இறுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். "ம், இறுக்கு. நேரம் போகுது."

இறுக்கினேன். வெளிப்பக்கம் வெள்ளைப் பசை விளிம்பெல்லாம் பிதுங்கிக்கொண்டு வந்தது. அண்ணி அதன் மேலேயே ஒரு பொட்டு வைத்தார். பழம் நசுங்கியது, தேங்காய் உடைந்தது, போட்டு தண்ணீரில் மிதந்தது. உள்ளே பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், படிக்காத முட்டாளே என்று எழுதியிருந்தது.

முதல் இரவு ஒரு ஆள் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னேன். தண்ணீர் இறைக்கும் பம்பின் பேட்டரிகூட இன்னும் சார்ஜுக்குப் போட்ட இடத்திலேயே இருக்கிறது என்றும் சொன்னேன்.

"சாயங்காலம் வீட்டுல பூஜை. எல்லாரும் இருக்கணும். ஏறு வண்டியில. மத்தத சாமி பாத்துக்கும்."

அவர் ஏறு என்றால் ஏறிப் பழகிய உடம்பு இது, ஏறிவிட்டது. வழியெல்லாம் பிள்ளைகள் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்தில் மெக்கானிக் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணன், போட்டு தாண்டு போச்சு" என்றார். மூழ்கிவிட்டது என்பதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொன்னேனே என்று அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உடனே வாழைச்சேனைக்கு ஓடினேன். கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினோம். இன்ஜின் முழுக்க உப்புத் தண்ணீர். போட்டின் வெறும் கூட்டை யாரோ வந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். கெடாமல் தப்பியது தண்ணீரில் கிடக்கவென்றே செய்யப்பட்ட அந்த டிரான்ஸ்டியூசர் மட்டும்தான். அதைக் கழற்றிக்கொண்டு நான் வந்த வழியே பதுளைக்கு வந்தேன்.

அண்ணன் ஜோசியரிடம் போயிருந்தார். குறித்த நேரத்தில் குற்றமே இல்லையாம். எனக்குத்தான் ஏழரைச் சனியாம். "அதுவும் போக, இறுக்கினது நீதானே?" என்றார். அண்ணி ஆமாம் என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

டிரான்ஸ்டியூசர் இப்போது கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் தராசுக்கு வைத்த கையோடு அண்ணன் அதற்கும் பொட்டு வைக்கிறார். நான் பழைய இடத்திலேயே நின்று நெத்தலி நிறுக்கிறேன்.

போட்டு மிதந்த காலத்தில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் "என் போட்டு, என் போட்டு" என்றுதான் பேசுவார். என் பேருக்கு மாற்றுவதாக என்னிடம் சொன்னதை ஒருவரிடமும் சொன்னதில்லை. போன வாரம் ஸ்பிரிங்வெளியிலிருந்து வந்த ஒரு அம்மா கருவாட்டைப் பையில் போட்டுக்கொண்டே, "அது என்னாங்க, சாமிகிட்ட வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"அதுவா? தம்பியோட போட்டுல இருந்ததும்மா" என்றார் அண்ணன்.