கோட் இல்லாத படம்

மொன்றியலில் டொலார்ட் பக்கத்துக் கடையொன்றில் நேற்று ஒரு பூச்சாடியைத் தூக்கியபோது ஈரமண் வாசனை முகத்தில் அடித்தது. உடனே குளிர்காலத்திலும் பூச்செடிகள் வளர்த்த அந்தக் கண்ணாடி வீடு நினைவுக்கு வந்தது. அதை இடித்துவிட்டார்கள்; இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன.

நாங்கள் மொன்றியலுக்கு அகதிகளாக வந்த முதல் வருடம், டிசம்பர் நத்தார் விடுமுறையில், பனிக்குள் இரண்டு பஸ் மாறி அம்மா என்னை அங்கே கூட்டிப்போவார். கதவைத் திறந்ததும் என் மூக்குக்கண்ணாடி ஆவியால் மூடிக்கொள்ளும், குழாய்களில் வெந்நீர் ஓடும் சத்தம் கேட்கும், கூரையிலிருந்து ஒரு சொட்டு கழுத்தில் விழும், பிறகுதான் மெல்ல மெல்லச் சிவப்பும் மஞ்சளும் தெரியத் தொடங்கும். அதற்குள் அம்மா கோட்டைக் கழற்றி, கமராவோடு என் கையில் திணித்துவிட்டு, சேலையைச் சரிசெய்து, பூத்திருந்த செவ்வரத்தைச் செடிக்குப் பக்கத்தில் போய் நிற்பார்.

“வெளியிலை ஸ்நோ தெரியாமல் எடு பிள்ளை. அங்கை பாத்தால் பயப்பிடுவினம்.”

அந்தப் படங்கள்தான் யாழ்ப்பாணத்துக்குப் போயின. கடிதங்களிலும் குளிரைப் பற்றி அம்மா ஒரு வரி எழுதியதில்லை.

ஒரு வருடம் கழித்து, தை மாதக் குளிரில், ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் காரில் இறக்கிவிட்ட இடத்திலிருந்து அமெரிக்க எல்லையைப் பனிக்குள் நடந்தே கடந்து கனடாவுக்குள் வந்தார் அம்மாவின் தம்பி, மெல்லிய சேட்டும் செருப்புமாக. ஆஸ்பத்திரியில், குளிரில் உறைந்து கருகிய நான்கு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள்.

“ஏன்ரா இப்பிடி வந்தனி?” என்று கட்டிலருகே நின்று அம்மா கத்தினார்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நனைந்து சுருங்கிய படமொன்றைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

“இதில நீங்கள் கோட் போடேல்லையே, அக்கா.”